இரவல் தாளமும் கடப்பாடும்

ஒருவர் பொதுவில் வைத்த கருவியை மற்றொருவர் எடுத்துத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்கின்றார். அவர் எவருக்கேனும் கடன்பட்டவராகின்றாரா? பழைமையான இவ்வினா இன்று கணினி இசைத்துறையிற் புதுவடிவம் பெற்றுள்ளது.

அலெசாந்திரோ கொமினு தொடக்கிய ‘ஹைட்ரஜன்’ என்னும் தாளக்கோவை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கட்டங்களிற் குறித்த அடிகளை அது வாசிக்கும். தெரிந்தெடுத்த கோலத்தை மீளமீளச் சுழற்றும். மேடைக் கலைஞனுக்கோ இது போதாது. கால்மிதியால் கோலங்களை மாற்றவும், தான் அவ்விடத்திலேயே பதிவுசெய்யும் இசைச் சுழற்சிகளோடு காலப்பிரமாணத்தைப் பொருத்தவும் அவன் விரும்புகின்றான். மூலநிரல் திறந்திருப்பதால் அதனைத் திருத்திக்கொள்ளவும் முடிகின்றது.

இத்தகைய மென்பொருளைக் காக்கும் க்னூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991 இல் வெளிவந்தது. திருத்திய மென்பொருளைப் பிறருக்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் அதே உரிமைகளுடன் வழங்கவேண்டும் என்பது அதன் விதி. ஆயின், தாமே பயன்படுத்துவோருக்கு அக்கட்டாயம் இல்லை. அவையோர் பெறுவது ஓசையை மட்டுமே. எனவே, கலைஞன் தன் திருத்தங்களை மறைத்து வைப்பினும் சட்டம் அவனைக் கேட்காது. அறமும் கேட்காதா?

கைம்மாறு எதிர்பார்த்தாற் கொடை வணிகமாகிவிடும். ஆதலாற் பெற்றவனுக்குக் கடனில்லை என வாதிடலாம். இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. கொடுத்தவரை நோக்குமிடத்து அது சரியானதுங்கூட.

1969 இல் ‘த வின்ஸ்டன்ஸ்’ குழு வெளியிட்ட ‘ஆமென், பிறதர்’ என்ற இசைத்தட்டில் கிறெகறி கோல்மன் வாசித்த சில விநாடித் தாளத்துணுக்கு, பின்னர் எண்ணற்ற பாடல்களிற் சுழற்சியாக எடுத்தாளப்பட்டது. அதற்கான உரிமைப்பணம் எதனையும் பெறாமலே அவர் 2006 இல் மறைந்தார். 2015 இல் இரசிகர்கள் திரட்டிய ஏறத்தாழ 24,000 பவுண் குழுத்தலைவர் றிச்சாட் ஸ்பென்சரைச் சென்றடைந்தது. வாசித்தவரைச் சென்றடைய வழியிருக்கவில்லை. அங்கு எடுக்கப்பட்டது, இங்கு கொடுக்கப்படுகின்றது. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும், முதற்கை மறக்கப்படும் அபாயம் இரண்டிற்கும் பொதுவானது.

வள்ளுவர் ஈகைக்கு முன்னர் ஒப்புரவறிதலைத் தனி அதிகாரமாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஈகை இல்லாதவர்க்குத் தருவது. ஒப்புரவு கூடிவாழ்வோர்க்குரிய ஒழுகலாறு. ஹைட்ரஜன் ஒருவரின் ஆக்கமாகவே நின்றுவிடவில்லை. பின்வந்தோர் பலர் தம் திருத்தங்களைத் திருப்பிச் சேர்த்தமையாலேயே இன்றைய கலைஞனின் கையில் அது இவ்வடிவில் உள்ளது. ஆகவே, அவனது கடன் பின்வருவோர்க்குரியது. தன் கால்மிதிக்கு மட்டும் பொருந்தும் மாற்றத்தையோ, தான் யாத்த தாளத்தையோ அவன் பொதுவில் வைக்கவேண்டியதில்லை. பிறர்க்கும் பயன்படக்கூடிய திருத்தத்தை ஒளித்தல் களவன்று. ஆனால், தான் நீர் அள்ளிய கிணற்றைத் தூர்வாராது செல்வதை அது ஒக்கும்.

கட்டாயத்தாற் கொடுப்பது அறமாகாது. சட்டம் மேடையின் வாசலோடு நின்றுவிடுவது அதனாற் குறையன்று. அதற்கப்பால், கலைஞன் தானே தீர்மானிக்கவேண்டிய இடம் தொடங்குகின்றது.