இறக்கி வைத்தல்

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது எனக்குத் துப்பாக்கி மேல் எந்த ஆசையும் இல்லை. பரேட் முடிந்ததும் கொடுக்கும் பூரிக்காகவும், வீட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகலாம் என்பதற்காகவும்தான் சேர்ந்தேன். முதல் முகாமில் .22 ரைஃபிளைக் கையில் கொடுத்து, குப்புறப் படுக்கச் சொல்லி, 25 மீட்டர் தள்ளியிருந்த அட்டையைக் காட்டினார்கள். ஐந்து தோட்டாக்கள். "மூச்சப் பாதி விட்டுட்டு நிறுத்து. டிரிகர இழுக்காத, மெதுவா அமுக்கு" என்றார் ஹவில்தார்.

சுட்டு முடித்து அட்டையைப் போய்ப் பார்த்தால், ஐந்து ஓட்டைகளையும் ஒரு தீப்பெட்டியால் மறைத்துவிடலாம். ஆனால் நடுவில் இல்லை, இடதுபக்கம் ஒதுங்கிக் கிடந்தன. என் முகம் தொங்கிப்போனது. அவர் சிரித்தார். "நடுவுல படுறது அப்புறம். அத சைட்டத் திருகிச் சரிபண்ணிடலாம். அஞ்சும் ஒண்ணாப் போய் விழுதா, அதான் முக்கியம்." இதற்கு குரூப்பிங் என்று பெயர். எங்கே படுகிறது என்பதைவிட ஐந்து முறையும் ஒரே ஆளாக இருக்கிறாயா என்பதுதான் கணக்கு. அன்று வரை யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எனக்குப் பிடித்துப்போனது.

வீட்டில் ஆச்சிதான் கேட்டாள். "ஏட்டி, அதக் கத்துக்கிட்டு எதச் சுடப் போற?"

"பேப்பரத்தான் சுடுதோம் ஆச்சி."

"பேப்பரக் கிழிக்கதுக்கு எதுக்குட்டி துப்பாக்கி?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. நான் இரண்டாம் ஆண்டு முடித்திருந்த கோடை விடுமுறையில், 2018 மே 22 அன்று, தாமிர உருக்காலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாளில், ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதன்பின் சில நாட்கள் இணையம் கிடையாது. டிவி மட்டும்தான். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வேன் மேல் ஏறி, நீளத் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வீட்டில் எல்லாரும் அழுகையும் கோபமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேறொன்றையும் பார்த்தேன். அந்த உடம்பின் நிதானம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. தோளில் கட்டையைப் பதிப்பது, கன்னத்தைச் சாய்ப்பது, மூச்சை அடக்குவது. அதையெல்லாம் எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

தமிழில் விளையாட்டுக்குத் 'துப்பாக்கி சுடுதல்' என்கிறோம், மற்றதற்குத் 'துப்பாக்கிச் சூடு' என்கிறோம். ஒரே வினையிலிருந்து பிறந்த இரண்டு பெயர்ச்சொற்கள். ஒன்று செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் வரும், இன்னொன்று முதல் பக்கத்தில். இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் உண்மையில் எவ்வளவு தூரம் என்பதுதான் என் கேள்வி.

அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்கான தேர்வு முகாம் இருந்தது. வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை' என்று போட்டேன். அது பொய். உண்மையான காரணத்தை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று வெகுநாள் யோசித்தேன். 'துப்பாக்கி தப்பு' என்றா? அப்படியும் நான் நம்பவில்லை.

இந்த விளையாட்டின் ஆதரவாளர்கள் முதலில் சொல்வது இலக்கைப் பற்றித்தான். இலக்கில் உயிர் இல்லை, அதனால் பாவமும் இல்லை. ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கோடு நடந்த போட்டி ஒன்றில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். ஏறத்தாழ 300 பறவைகள் செத்தன. பிறகு ஒலிம்பிக்கில் புறாவின் இடத்தில் களிமண் தட்டுதான் இருந்தது. ஆங்கிலத்தில் இன்றும் அதற்குக் 'களிமண் புறா' என்றே பெயர். 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் 1980களின் இறுதி வரை மனித உருவ நிழல்தான் இலக்கு. அப்புறம் அதையும் வட்டமாக்கினார்கள். புறா தட்டானது, மனிதன் வட்டமானான். நூறு வருடங்களாக இந்த விளையாட்டு தன் இலக்கிலிருந்து உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. சுடும் குண்டே நாலரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளியில் எந்த முகமும் இல்லை.

இந்த வாதம் எனக்குப் போதவில்லை. துரோணர் மரத்தில் வைத்ததும் நிஜப் பறவை இல்லை, பொம்மைதான். அந்தப் பொம்மையின் தலையைக் குறிவைத்துப் பழகிய கை பிறகு எங்கே போனது என்று நமக்குத் தெரியும். இலக்கு காலியாக இருப்பதால் கை காலியாகிவிடாது.

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சிற்றூரில் 1996 மார்ச் மாதம் ஒருவன் ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் வைத்திருந்தவை உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். அடுத்த ஆண்டு பிரிட்டனில் தனியார் கைத்துப்பாக்கிகளைச் சட்டம் தடைசெய்தது. அதற்குப்பின் அந்நாட்டின் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியிருந்தது. அவர்கள் யாரையும் கொல்லவில்லை. பல வருடம் வளர்த்த திறமையை ஒருவன் செய்த கொடுமைக்காகக் கைவிட்டார்கள். இது நியாயமா என்று கேட்டால், அவர்களுக்கு நியாயமில்லை என்பேன். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் முன்னால் நின்று அதைச் சொல்ல என்னால் முடியாது. ஒரு பொழுதுபோக்கின் மேல் இவ்வளவு பெரிய பாரம் விழும்போது, பொழுதுபோக்கு விலகிக்கொள்வதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

அப்படியிருந்தும் ஏன் மனிதர்கள் இதில் ஈடுபடுகிறார்கள்? பெரும்பாலோர் ஈடுபடாததற்குத் தத்துவம் காரணமில்லை, பணம்தான் காரணம். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வரும் துப்பாக்கி, விறைப்பான கோட்டு, பெட்டி பெட்டியாகக் குண்டுகள். அதையும் தாண்டி வருபவர்களைப் பார்த்தால், யாரையாவது வீழ்த்த வந்தவர்களாகத் தெரியவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் தங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தார். கடைசிக் குண்டு பக்கத்துத் தடத்துக்காரரின் இலக்கில் போய்ப் பட்டது. பூஜ்யம். எட்டாவது இடம். அவரை யாரும் தோற்கடிக்கவில்லை, ஒரு நொடி அவரே அங்கே இல்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டுக்கு முன் சமநிலையில் நின்று 10.8 சுட்டார். அதே பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு பதக்கங்களை இழந்தார். அவர் உடலில் இருந்தது வேகமூட்டும் மருந்து இல்லை, நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் தணிக்கும் மருந்து. எந்த விளையாட்டில் ஒருவர் அமைதியைத் திருடி மாட்டிக்கொள்வார்?

உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் சந்திரோ தோமர் அறுபது வயதைக் கடந்தபின், பேத்திக்குத் துணையாகப் போன இடத்தில் பிஸ்டலை எடுத்தார். முக்காட்டோடு வாழ்ந்த பெண்ணுக்கு அந்தப் பயிற்சிக்கூடம் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு வாசல். 2021-இல் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. ஆச்சியையும் யாராவது இளவயதில் அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போயிருந்தால், 'எதச் சுடப் போற' என்று கேட்டிருப்பாளா, இல்லை 'தள்ளு, நான் சுடுதேன்' என்றிருப்பாளா?

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். போன வருடம் உடன் வேலை செய்யும் தோழி ஓர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சும்மா பார்க்க என்றுதான் போனேன். வாடகைத் துப்பாக்கியைத் தூக்கியதும் கை நடுங்கியது. எப்படியாவது சுட்டு முடித்துவிடணும் என்று விசையில் விரல் வைத்தேன். பின்னாலிருந்து பயிற்சியாளர் சொன்னார்: "சந்தேகமா இருந்தா இறக்கிடும்மா. திரும்பத் தூக்கிக்கலாம்."

என்.சி.சி.யில் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. அங்கே 'ஃபயர்' என்றால் சுட வேண்டும். இங்கே 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். அந்த நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் தூக்கலாம், இறக்கலாம். நல்ல வீரர்கள் அடிக்கடி இறக்குகிறார்கள் என்று கவனித்தபின்தான் தெரிந்தது. புள்ளி சரியாகத் தெரிகிறது, கை அசையவில்லை, விரல் பாதி அமுக்கிவிட்டது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று சரியில்லை. அந்த நொடியில் விரலைத் திரும்ப எடுப்பது சுடுவதைவிடக் கஷ்டம். உடம்பு 'முடிச்சிடு, முடிச்சிடு' என்று கெஞ்சும். மாதக்கணக்கில் பழகினால்தான் அந்தக் கெஞ்சலைக் கேட்காமல் இருக்க முடியும்.

பொம்மைப் பறவையை அடித்த அதே அர்ஜுனன் குருக்ஷேத்திரத்தில் வில்லைக் கீழே வைத்தான். அவனைத் திரும்ப எடுக்க வைப்பதற்குப் பதினேழு அத்தியாயம் தேவைப்பட்டது. எடுத்தது சரியா தவறா என்று காலங்காலமாகப் பேசுகிறோம். வைத்தான் என்பதைப் பலவீனம் என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிறோம்.

முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் உள்ள தூரம் இலக்கில் இல்லை, கருவியிலும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். இறக்க முடிகிற இடமா, முடியாத இடமா என்பதில்தான் அது இருக்கிறது. ஆணைக்குக் கீழே நிற்பவருக்கு 'எனக்குச் சந்தேகமா இருக்கு' என்று சொல்லும் சுதந்திரம் கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சுதந்திரத்தை உடம்புக்குக் கற்றுத்தரும் இடமாக இந்த விளையாட்டு இருக்க முடியும். இருக்க முடியும் என்றுதான் சொல்கிறேன். டன்பிளேன் கொலைகாரனும் குறிபார்க்கப் பழகியவன்தான். பழக்கம் யாரையும் நல்லவராக்கிவிடாது. அதனால்தான் அவரவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: நான் சுடக் கற்கிறேனா, சுடாமல் இருக்கவும் கற்கிறேனா? இரண்டாவதைக் கற்காதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. 2018-இல் நான் எழுதியிருக்க வேண்டிய காரணமும் அதுதான். எனக்கு அப்போது இறக்கத் தெரியாது.

அடுத்த மாதம் ஒரு சிறிய போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் போன் பண்ணி ஆச்சியிடம் சொன்னேன். எண்பது தாண்டிவிட்டாள், காது கொஞ்சம் மந்தம்.

"இன்னும் அந்தப் பேப்பரத்தான் சுடுதியா?"

"ஆமா ஆச்சி. நேத்து அறுபது சுட்டேன். முப்பது தடவைக்கு மேல சுடாம எறக்கி வச்சேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எறக்கி வச்சதுக்கும் மார்க்கு உண்டாட்டி?"

"இல்ல ஆச்சி. சுட்டதுக்கு மட்டுந்தான்."

"அப்போ அத யாரு எண்ணுதா?"

"நாந்தான்" என்றேன்.