காத்திருப்போர் பட்டியலும் கருணையும்

விமான நிறுவனங்களில் உத்தியோகம் பார்ப்போரின் குடும்பத்தாருக்கு ஒரு சலுகை உண்டு. கட்டணத்தில் சொற்பமான பகுதியையோ, வரியை மாத்திரமோ செலுத்தி அவர்கள் ஆகாயமார்க்கமாகத் தேசமெங்கும் சென்று வரலாம். ஆனால் முழுக் கட்டணம் கொடுத்தவர் அனைவரும் அமர்ந்த பிற்பாடு ஆசனம் எஞ்சியிருந்தால்தான் அந்தச் சலுகை பலிக்கும். அவர்கள் வழக்கில் இதற்குச் 'சப்லோ' டிக்கெட் என்று பெயர். அத்தகைய வீட்டில் பயணத்திற்கு முந்திய இரவு கேட்கப்படும் கேள்வி "எத்தனை மணிக்கு விமானம்?" என்பதன்று, "லோடு எப்படி?", அதாவது ஆசனங்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன, என்பதே.

என் உறவில் அத்தகைய குடும்பமொன்று மும்பையில் இருக்கிறது. கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை வந்து சேரவேண்டும் என்று அவர்கள் சங்கற்பித்துக்கொள்ளாத வருஷமில்லை; வந்து சேர்ந்த வருஷங்களோ சில. மூட்டை முடிச்சுகளோடும், ஸ்டாஃப் டிக்கெட்டில் போகிறவர் கண்ணியமாக உடுத்தவேண்டும் என்ற விதிக்கிணங்கிய உடைகளோடும், கவுண்டர் மூடும் வரையில் ஒதுங்கி நின்று, சர்வீஸ் மூப்பின்படி பெயர்கள் கூப்பிடப்படுவதைச் செவிமடுத்து, நால்வருக்கு இரண்டு ஆசனமே உண்டென்று அறிந்தபோது யார் போவது, யார் தங்குவது என்று அரை நிமிஷத்தில் தீர்மானிக்க வேண்டிய தர்மசங்கடம் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஏறி அமர்ந்தபின் இறக்கிவிடப்படுவதும் உண்டு. எவரும் பிரயாணம் செய்ய விரும்பாத செவ்வாய்க்கிழமைகளில் ஜன்னலோரமே கிடைக்கும். நமக்கு வேண்டிய நாளோ ஊருக்கெல்லாம் வேண்டிய நாளாகவே அமைந்துவிடுகிறது.

உரிமையென்றும் சொல்லமுடியாத, பிச்சையென்றும் சொல்லமுடியாத இந்த இடைநிலைதான் என்னைச் சிந்திக்க வைத்தது. குடும்பத் தலைவர் ஆண்டுக்கணக்காக உழைத்திருக்கிறார். அவ்வுழைப்பு அவரைப் பட்டியலில் மேலே ஏற்றும். ஆசனத்தை அது உண்டாக்காது. இறைவனுக்குச் செய்யும் தொண்டும் இவ்வாறுதானோ? சரியையும் கிரியையும் வழுவாமல் செய்தவன், அருளைக் கூலியாகக் கேட்டு வாங்க அதிகாரம் பெறுகிறானா? சைவ சித்தாந்திகள் இதற்கு நுட்பமான விடை வைத்திருக்கிறார்கள். நல்வினை, தீவினை இரண்டின் பயனையும் சமமாக நோக்கும் இருவினையொப்பும், ஆணவமலம் பக்குவப்படும் மலபரிபாகமும் நேர்ந்தபோது, திருவருள் பதிதலாகிய சத்திநிபாதம் நிகழும் என்பது அவர்கள் கொள்கை. பக்குவம் இன்றியமையாதது, ஆயினும் அது விலையன்று. போர்டிங் பாஸ் வந்தாலும் வராவிட்டாலும் முகம் வேறுபடாத மூத்த விமான ஊழியர் ஒருவரைக் கண்டிருக்கிறேன். இருவினையொப்பு என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான உரையை நான் எந்த மடத்திலும் கேட்டதில்லை.

"நடப்பது நடக்கட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடலாமே" என்று சொல்வோர் உண்டு. 1898-ஆம் ஆண்டு டிசம்பரில், பவழக்குன்றில் இருந்த ரமணரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த தாயார் அழகம்மாள் கண்ணீர் விட்டபோது, மௌனமாயிருந்த அவர் எழுதிக் கொடுத்த சில வரிகளை அவர்கள் சான்று காட்டுவார்கள். பிராரப்தத்துக்கேற்ப ஆட்டுவிப்பவன் ஒருவன் உளன், நடவாததை எந்த முயற்சியும் நடத்தாது, நடப்பதை எந்தத் தடையும் நிறுத்தாது என்பது அவற்றின் சாரம். ஆனால் அவ்வரிகளை எழுதிய கை, இரண்டாண்டுக்கு முன் செய்தவற்றைப் பாருங்கள். 1896 ஆகஸ்டு 29 அன்று, தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மதுரையில் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கி, விழுப்புரத்தில் இறங்கி, எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரையில் ரயிலேறி, அப்பால் அரையணிநல்லூருக்கு நடந்து, கீழூரில் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று அருணாசலம் சேர்ந்தார் அந்தப் பதினாறு வயதுச் சிறுவர். அடகுச் சீட்டையும் கிழித்தெறிந்துவிட்டார். செய்யவேண்டியதை எல்லாம் செய்தவனுக்குத்தான் விதியைப் பற்றிப் பேச வாய் உண்டு; விமான நிலையத்துக்கே போகாதவன் பெயரை எந்தப் பட்டியலிலிருந்தும் கூப்பிடமாட்டார்கள்.

ஆசனம் கிடைக்காமல் வீடு திரும்பி வந்தவர்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. "ஏன் போகவில்லை?" என்று அண்டைவீட்டார் கேட்டால், "நாங்களே ஒத்திப்போட்டுவிட்டோம்" என்று சொல்லத் தோன்றும். திருவண்ணாமலையின் தலபுராணத்தில் அன்னமாய்ப் பறந்த பிரமன், சிவபெருமானின் முடியைக் காணாததற்காகத் தண்டனை பெறவில்லை. தாழம்பூவைச் சாட்சி வைத்துக் கண்டதாகச் சொன்னதற்காகவே பெற்றான். வராகமாய் அகழ்ந்த திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டு கௌரவம் குறையாமல் திரும்பினார்.

ஆயினும் இந்த ஒப்புமையை எல்லை கடந்து நீட்டுவது பிழை. விமானத்தில் எனக்கு வாய்க்கும் ஆசனம் பட்டியலில் எனக்கு அடுத்தவருக்கு இல்லாமற்போகிறது. திருவருளுக்கு அந்தக் கணக்கில்லை. தீபத்தன்று கோயிலுக்குள்ளே அனுமதிச் சீட்டும் நெரிசலும் உண்டு. மாலை ஆறு மணிக்குச் சில நிமிஷங்கள் மட்டும் வெளிவந்து காட்சி தரும் அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்க எல்லோருக்கும் இடம் வாய்ப்பதில்லை. அதே கணத்தில் 2,668 அடி உயரத்தில் ஏற்றப்படும் தீபத்தையோ மொட்டைமாடியில் நிற்பவனும், வயலில் நிற்பவனும், பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவனும் ஒருங்கே காண்கிறார்கள். ஒருவன் கண்டதனால் மற்றொருவனுக்குக் குறைந்ததில்லை. அருளை அரிய பண்டமாகப் பாவித்து, பிறரை முந்திக்கொண்டு பெறவேண்டும் என்று பதறுவது, லோடு பார்த்துப் பழகிய புத்தியின் தோஷமேயன்றி வேறில்லை.

இவ்வருஷமும் சப்லோவை நம்பிப் புறப்பட எண்ணும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: திருநாளன்று இடம் கிடைக்காவிட்டால் மனம் தளராமல், கூட்டம் வடிந்தபின் சில நாள் பொறுத்து மறுபடி கவுண்டருக்குப் போங்கள். மலைமேல் ஏற்றிய தீபம் 11 நாட்கள் எரிகிறது.