கடைசி மூணு வரி



இந்தத் தடவை நான் பண்ண ஒரு வேலையைப் பத்தி எழுதறேன். உங்க போன்லயும் இது நடந்திருக்கும்.

நண்பனோட அப்பா வருஷா வருஷம் காரைக்குடி பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிறவர். போன தைப்பூசம் முடிஞ்சதும் அந்த நடையைப் பத்தி ஒத்தை விரலால டைப் பண்ணி எங்களுக்கு அனுப்பினார். திண்டுக்கல் தாண்டி, கால் கொப்புளம் உடைஞ்சு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கார். டீக்கடை வச்சிருக்கிற ஒரு பாட்டி சுடுதண்ணியில கல் உப்பு போட்டுக் கொண்டுவந்து, காலை அதுல வைக்கச் சொல்லியிருக்காங்க. காசு வாங்கலை. படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஸ்டேட்டஸ்ல வைக்கணும்னு தோணுச்சு.

ஸ்டேட்டஸ்ல 700 எழுத்துதான் வைக்கலாம். தமிழ் அதுல சீக்கிரம் தீர்ந்துடும். 'முருகன்' நமக்கு 4 எழுத்து. யூனிகோட் கணக்குல 7. அதனால சுருக்கினேன். முதல்ல போனது கடைசி மூணு வரி. அப்பாவோட பேர், ஊர் எல்லாம் அங்கதான் இருந்துச்சு. 'சுடுதண்ணி'யை 'வெந்நீர்'னு மாத்தினேன், கொஞ்சம் நல்லா இருக்கட்டும்னு. நாலஞ்சு பேர் கேட்டாங்க, காப்பி பண்ணிக் கொடுத்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அது வேற ஒரு குரூப்ல எனக்கே வந்துச்சு. அடியில ஒரு ஆன்மிகப் பேச்சாளர் பேர். அப்பாவுக்கும் வந்திருக்கு. "இது நான் எழுதினது"ன்னு அவர் போட்டதுக்கு ஒருத்தர் சிரிக்கிற பொம்மை மட்டும் போட்டிருந்தார். நான் அந்த மெசேஜைத் திறந்து பார்த்தேன். உள்ளே 'வெந்நீர்'. அப்ப இது என்கிட்டேயிருந்து கிளம்பினதுதான்.

2018-ல வதந்தியை நம்பி ஆட்களை அடிச்சுக் கொன்ன சம்பவங்களுக்கு அப்புறம், வாட்ஸ்அப் 'ஃபார்வர்டு' அடையாளம் கொண்டுவந்துச்சு. இந்தியாவுல ஒரு தடவைக்கு 5 சாட்டுக்கு மேல அனுப்ப முடியாம பண்ணாங்க. 2020-ல, நிறைய கை மாறின மெசேஜுக்கு அது ஒண்ணு ஆச்சு. ஆக, எத்தனை கை மாறிச்சுன்னு அந்த ஆப்புக்கு ஓரளவு தெரியும். யார் எழுதினாங்கன்னு வைக்க அதுல இடமே இல்லை. நான் செய்யற வேலையும் இதே மாதிரிதான்: ஒரு தகவலுக்கு ஃபீல்டு வைக்கலைன்னா அந்தத் தகவல் இல்லாமலே போயிடும். யாரும் தேடவும் மாட்டாங்க.

ஆனா ஆப் மேல பழி போட்டுத் தப்பிக்க எனக்கு மனசு வரலை. வெட்டினது என் விரல்.

முதல்ல எனக்கு நானே சொல்லிக்கிட்ட சமாதானம் இது: பேர் எதுக்கு, பேர்ங்கிறது அகங்காரம், எல்லாம் முருகனுக்குத்தானே. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் முத்துசுவாமி தீட்சிதர் ஞாபகம் வந்தார். அவர் கிருதிகள்ல வர்ற முத்திரை 'குருகுஹ'. அது அவர் பேர் இல்லை, நம்ம ஐயன் பேர். தன் பேரை அவர் தானே எடுத்து வச்சார். நான் எடுத்தது இன்னொருத்தர் பேரை. ரெண்டும் ஒண்ணுன்னு எந்த வாயால சொல்லுவேன்?

சம்பந்தர் பதிகங்கள்ல கடைசிப் பாட்டுல பெரும்பாலும் அவர் பேர் வந்துடும். கந்தர் சஷ்டி கவசத்துக்குள்ளேயே தேவராய சுவாமிகள் பேர் இருக்கு. தினமும் சூலமங்கலம் சகோதரிகள் குரல்ல கேட்டுட்டு, எழுதினது யாருன்னு யோசிக்காமலே நான் வளர்ந்தேன். ஆனாலும் அந்தப் பேர் இன்னும் அங்கேயே இருக்கு, பாட்டோட சேர்த்துக் கட்டியிருக்கிறதால. அப்பாவுக்கு அந்த வித்தை தெரியாது. நம்மள மாதிரி அடியில எழுதினார். அடியில இருக்கிறது 'மேலும் படிக்க'வுக்குக் கீழ போயிடும். அதைத் தொட்டு விரிக்கிற பொறுமை நமக்கு எங்க இருக்கு? பஸ்ல நின்னுக்கிட்டே மூணு வரி படிச்சு, வேல் எமோஜி போட்டு, அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடறவன்தான் நானும்.

போன வாரம் போன் பண்ணிச் சொல்லிட்டேன். "அப்பா, முதல்ல வெட்டினது நான்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என் பேர் போனா போகட்டும் தம்பி. அந்த ஆத்தா பேரும் அங்கதானேப்பா இருந்துச்சு?" அப்படின்னார்.

பழைய மெசேஜைத் தேடிப் பார்த்தேன். ஆமா. கடைசி மூணு வரியில ரெண்டு, அந்தப் பாட்டியோட பேரும், கடை இருக்கிற இடமும், அந்தப் பக்கம் நடந்து போறவங்க அவங்க கடையில ஒரு டீயாவது குடிங்கன்னு ஒரு வேண்டுதலும். நான் அதைப் படிக்கவே இல்லை. கையெழுத்துன்னு நினைச்சு வெட்டியிருக்கேன்.

முழுசையும் திரும்ப எல்லா குரூப்லயும் போட்டேன். ஒருத்தர், "பழசு ப்ரோ, ஏற்கெனவே வந்துடுச்சு"ன்னார்.

பாட்டி பேரை இங்கேயும் எழுதலாம்னு அப்பாகிட்ட கேட்டேன். இவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சு அவங்க பேர் சொல்லலையே, வர்ற தைப்பூசத்துக்கு நடக்கிறப்ப நேர்ல கேட்டுட்டு வர்றேன்னார். நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன். செருப்பில்லாம நடந்து பழகணும்.