போத்தலும் கரியும்

மண்ணுள் நெடுங்காலம் கிடந்த கண்ணாடிப் போத்தல் மங்குவது அழுக்கினால் மட்டுமன்று. ஈரம் கண்ணாடியின் சோடியத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்வதால் அதன் மேற்புறமே நோயுறுகிறது. சவர்க்காரத்தால் அது தீராது. மேனாட்டுச் சேகரிப்பாளர் அதற்கெனச் சுழல் பொறியொன்று வைத்துள்ளனர். நறுக்கிய செப்புக்கம்பித் துண்டுகள், அலுமினிய ஒட்சைட்டுத் தூள், நீர் ஆகியவற்றோடு போத்தலை நாட்கணக்கில் உருட்டுவர். மங்கல் போய்விடும், கூடவே கண்ணாடியின் மேற்றோலும் தேய்ந்துவிடும். மினுக்கியதை மறைத்து விற்பவன் பொய்யன் என்பதில் ஐயமில்லை. ஆனால் தன் போத்தலைத் தானே மினுக்குபவனை என்னென்பது?

1908இல் அமெரிக்கக் கண்ணாடி ஆலைகளில் நள்ளிரவிலும் உழைத்த சிறுவரை லூயிஸ் ஹைன் படமெடுத்தார். அத்தகைய சிறுவர் கைபட்ட போத்தல்களே இன்று அலுமாரிகளில் அரும்பொருளாய் மின்னுகின்றன. மினுக்கத்தின் மீது எமக்கு வெறுப்பு ஏற்பட்டது இதனாற்றான்.

மருதனார்மடத்து மாணவியொருத்தி பழம்பொருட் காட்சிக்கு ஜாம் போத்தலொன்று கொணர்ந்தாள். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் தடைப்பட்ட பின்னர், பஞ்சுத் திரியிட்டு அவள் அம்மம்மா ஏற்றிய விளக்கு அது. கரி சற்றேனும் இல்லை. நேற்று வாங்கியதுபோல் இருந்தது. வரலாற்றையே கழுவிவிட்டாயே என்று சற்றுக் கடிந்தோம். (ஆசிரியத் தொழிலின் பழக்கம்.)

“அம்மம்மாதான் சேர் கழுவச் சொன்னவ. அந்தக் கரியோடை இருந்தது காணும் எண்டவ.”

நாம் வாயடைத்துப் போனோம். அக்கரியை இருமித் துப்பியவர் அவர். காட்சிக்கு வேண்டுமென்று கேட்டவர் நாம். போத்தலை அப்படியே மேசையில் வைத்தோம். விளக்க அட்டையில் அம்மம்மாவின் சொல்லை மாணவியே எழுதினாள்.