கல்லின் விடையும் கதையின் விடையும்

குமரிக் கடலில், 1970இல் விவேகானந்தர் மண்டபம் திறக்கப்பெற்ற பாறையின் மீது பாதம் போன்றதொரு சுவடு உண்டு. ஈசனை மணக்க விழைந்த குமரியன்னை ஒற்றைக் காலில் நின்று தவமியற்றிய அடையாளம் அது என்பர். மணம் நின்றுபோகவே, சமைக்கப்படாத விருந்தின் அரிசியும் பருப்பும் கரையில் பன்னிற மணலாயின என்பதும் அவ்வூர்க் கதையே.

நிலவியலார் கூறுவது வேறு. அப்பகுதிப் பாறைகள், நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தால் உருமாறிய சார்னோகைட் வகையின; மணலின் செம்மை கார்னெட், கருமை இல்மனைட். இதனை அறிந்தபின்னும் நம் குழந்தைகட்குப் பழங்கதையைச் சொல்லலாமா? அது பொய்யுரை ஆகாதா?

ஆகாது என்றே கருதுகிறோம். பாறை எவ்வாறு தோன்றிற்று என்பது ஒரு வினா. விரும்பியது கைகூடாதபோது எவ்வாறு நிற்பது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை கல்லிடம் உண்டு. பின்னதற்குக் கதையிடம் உண்டு. கதையைச் சான்றாக்கி ஆய்வை மறுப்பது தவறு. ஆய்வைக் காட்டிக் கதையை எள்ளுவதும் தவறே. ஆயினும், "இது மெய்யாகவே நடந்ததா?" என்று குழந்தை வினவுமாயின், தயங்காது உண்மை உரைத்தல் வேண்டும். அந்நொடியில் மழுப்புவதே பொய்.

கடல் காணாத நம் பெங்களூரிலும் லால்பாக்கில் ஏறத்தாழ 300 கோடி ஆண்டு முதிய பாறை இருக்கின்றது. அதன்மேல் அமர்ந்து குழந்தைகட்குக் கல்லின் அகவையைச் சொல்வோம். குமரியின் கதையையும் சொல்வோம். எது எது என்பதையும் மறவாது சொல்வோம்.