தன்னுயிரும் ஓருயிரே

 

தசலட்சண பருவத்தின்போது ஓர் ஊரின் ஜினாலயத்தில் பூசை முடிந்தபின், பிள்ளைகளுக்கு எண்வகை மூலகுணங்களை விளக்கிக்கொண்டிருந்தோம். கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குவது ஏன் என்று கூறி முடித்ததும், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான்.

"பாட்டி, புகையிலை ஓர் இலைதானே? அதில் எந்த உயிரும் கொல்லப்படுவதில்லை. ஆகமத்திலும் அதன் பெயர் இல்லை. பிறகு அது எப்படிப் பாவமாகும்?" என்று வினவினான்.

பெரியோர் சிலர் அவனை அதட்டினர். நாம் அதட்டவில்லை. விடை கூறாமல் அமர்த்தப்பட்ட பிள்ளை, விடையை வேறிடத்தில் தேடும் என்பதை ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறோம். அன்று அவனுக்குக் கூறிய விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

ஆகமத்தில் பெயர் இல்லை என்பது மெய்யே. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் அதனை நம் நாட்டிற்குக் கொணர்ந்து ஏறத்தாழ 400 ஆண்டுகளே ஆகின்றன. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன் வாழ்ந்த ஆச்சாரியர்கள் அதன் பெயரை எவ்வாறு எழுதியிருக்க இயலும்? ஆயினும், அதனை அளந்தறியும் அளவுகோலைத் தந்தே சென்றனர்.

பிரமாதத்தால் பிராணன்களுக்கு ஊறு விளைவித்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் இலக்கணம் வகுத்தார். பிறருடைய பிராணன் என்று மட்டும் அவர் வரையறுக்கவில்லை. கஷாயத்தின் வயப்பட்டவன் முதலில் தன்னையே ஊறுபடுத்திக்கொள்கிறான். பிறவுயிர் அதன்பின் ஊறுபடலாம், படாமலும் போகலாம் என்று அமிர்தசந்திர ஆச்சாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் தெளிவாக்கினார். ஆகவே, "எந்த உயிர் கொல்லப்படுகிறது?" என்னும் வினாவுக்கு விடை, மெல்பவனின் உயிரே என்பதாகும்.

மனிதப் பிறவிக்குப் பிராணன்கள் பத்து. ஐம்பொறிகள், மனோபலம், வசனபலம், காயபலம், உசுவாசம், ஆயுள் என்பன அவை. இவற்றுள் புகையிலை தீண்டாதது எது?

புகைப்பவரின் நாவும் மூக்கும் சுவையும் மணமும் உணரும் திறனில் குறைகின்றன. கண்புரை நோய்க்கும் புகை வழி கோலுகிறது. உள்ளிழுத்த பத்து விநாடிகளுக்குள் நிகோடின் மூளையை எட்டுகிறது. மூளையோ ஏறத்தாழ 25 வயது வரை வளர்ச்சியுறுவது. வளரும் மூளை நிகோடினுக்கு எளிதில் அடிமையாவதுடன், கவனமும் கற்றலும் கெடுகின்றன. இது மனோபலத்தின் இழப்பு. குரல்வளைப் புற்றுநோய் வசனபலத்தைப் பறிக்கிறது. இளமையில் புகைப்போரின் நுரையீரல் முழு வளர்ச்சி அடைவதில்லை. ஆதலால் ஓட்டமும் விளையாட்டும் தளர்கின்றன. காயபலமும் உசுவாசமும் ஒருங்கே குறைகின்றன. ஆயுளைப் பற்றிக் கேட்பின், நம் நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் மடிகின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

புகைத்தால்தானே இத்தீங்கு என்பாரும் உளர். இப்போது உதட்டினுள் அடக்கிக்கொள்ளும் சிறு பொட்டலங்கள் மாணவர் கைகளில் புழங்குகின்றன. புகை இல்லை, ஆதலால் பெற்றோர் அறிவதில்லை. ஆனால் நிகோடின் வாயின் மென்தோல் வழியே குருதியில் கலக்கிறது. வாய்ப்புற்றும் அவ்வழியே வருகிறது. பாக்குக் கலந்தவற்றை மெல்வோர்க்குக் கன்னத்தின் உட்தசை இறுகி, வாயைத் திறக்கவும் இயலாத நிலை நேர்கிறது.

மதுவைப் பற்றி நமக்கு ஐயம் எழ இடமில்லை. அது எண்ணற்ற நுண்ணுயிர்களின் பிறப்பிடம் என்றும், அறிவை மயக்கி அறத்தை மறக்கச் செய்வது என்றும் அமிர்தசந்திரர் உரைத்தார். நொதித்தல் நுண்ணுயிர்களின் செயலே என்பதை 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் ஆய்வால் நிறுவினார். மது புற்றுநோய் விளைப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் வகைப்படுத்தியது. மதுவும் புகையிலையும் ஒருவரிடமே சேருங்கால், வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு உள்ள வாய்ப்பு பன்மடங்காகிறது.

இனிப் பெரியோர்க்கு ஒரு சொல். நாம் இரவு உண்பதில்லை, நீரை வடிகட்டிப் பருகுகிறோம், கிழங்கை விலக்குகிறோம். அவ்வாறு நோற்கும் வீட்டின் திண்ணையிலேயே வெற்றிலைப் பெட்டியில் புகையிலையும் இருந்தால், பிள்ளை எதனை நம்பும்? நாமும் சிறு வயதில் எம் தந்தையாருக்குக் கடைக்கு ஓடிப் புகையிலை வாங்கி வந்திருக்கிறோம். இறுதி ஆண்டில் அவர் வாய்ப்புண்ணால் கஞ்சியும் விழுங்க மாட்டாமல் வருந்தினார். பூச்சிக்கும் இரங்கிய அம்மனிதர், தம் உயிருக்கு இரங்க வேண்டும் என்று அவரிடம் எவரும் கூறவில்லை. நாமும் கூறவில்லை. 18 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பேரனைக் கடைக்கு அனுப்பும் தாத்தாக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

பிள்ளை ஏற்கெனவே தவறியிருப்பின் என் செய்வது? நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூகனமும் ஸ்திதிகரணமும் இதற்கென்றே அமைந்தவை. பிறர் குற்றத்தைத் தூற்றாது மறைத்தல் முன்னது. வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்துதல் பின்னது. வாரிஷேண முனிவரின் வரலாறு நாம் அறிந்ததே. உடன் துறவு பூண்ட புஷ்படாலர் பன்னிரண்டு ஆண்டுகள் மனைவியையே நினைந்திருந்ததை அவர் அறிந்தார், இகழவில்லை. தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையும் மனைவியரையும் காட்டினார். புஷ்படாலர் நாணித் தெளிந்தார். அடியும் வசையும் செய்யாததைத் துணை நின்ற ஒருவரின் பொறுமை செய்தது.

உடலும் திருந்தக் காத்திருக்கிறது. புகைப்பதை விட்ட 20 நிமிடத்தில் இதயத்துடிப்பு தணிகிறது. ஓராண்டில், புகைப்பிடித்தலால் கூடிய இதயநோய் வாய்ப்பு பாதியாகிறது. விட விரும்புவோர்க்கு அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356 உள்ளது. மருத்துவரை நாடுவதில் இழுக்கில்லை.

அன்று எல்லோரும் சென்றபின் அம்மாணவன் நின்றான். "பாட்டி, வாழ்நாள் முழுவதும் என்றால் அச்சமாக இருக்கிறது" என்றான். வாழ்நாள் விலக்கு யமம். கால வரையறை செய்த விலக்கு நியமம். ஏழு நாள்களுக்கு நியமம் ஏற்கச் செய்தோம். இதுவரை மூன்று முறை அதனைப் புதுப்பித்துள்ளான். இடையில் ஒரு நாள் தவறியதையும் அவனே வந்து கூறினான். அதற்கான பிரதிக்கிரமணத்தையும் உடனிருந்து செய்வித்தோம். அவன் பெயரையும் ஊரையும் எழுதாது விடுகிறோம். உங்கள் வீட்டிலும் அத்தகைய பிள்ளை இருக்கலாம்; இன்றிரவே அருகமர்ந்து பேசுங்கள்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!