பாதி வழியில் திரும்பியவர்

பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித் திருமலையில் பாபவிநாசனம் அணைக்கட்டின் அருகே விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். தும்புரு தீர்த்தத்துக்குச் செல்லும் காட்டுப்பாதை அந்தத் திருநாளின்போதுதான் பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. தேவஸ்தானத்தார் உணவும் மோரும் வழங்குவர். மருத்துவர்களும் இருப்பர். இதய நோய், ஆஸ்துமா, அதிக உடற்பருமன் உடையோர் இந்நடையை மேற்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பும் வரும். அதன்பின் பாறையும் வேரும் நீரோடையுமாகப் பல கிலோமீட்டர் தூரம். வழுக்கும் இடங்களில் கயிற்றைப் பற்றியே செல்ல வேண்டும். முடிவில், மலையையே வாளால் பிளந்தாற்போன்ற இடுக்கு, அதனுள்ளே குளிர்ந்த நீர். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

இக்கூட்டத்தில் நாயுடுபேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது அறுபத்தாறு. அவ்வூர் 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் மலைக்கும் ஊருக்கும் உள்ள உறவு அரசாணையால் ஏற்பட்டதன்று. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சுவர்ணமுகி, அதாவது நம் தமிழ் நூல்கள் பொன்முகலி என்றழைக்கும் ஆறு, காளத்தியைக் கடந்து நாயுடுபேட்டையைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. மலைநீர் அவர் ஊருக்கே வந்துவிடுகிறது. என்றாலும் நீர் வந்த வழியே மேலேறிச் சென்று தீர்த்தமாட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை.

பாதி தூரம் கடந்தபின் அவருக்கு மூச்சு வாங்குகிறது. மார்பில் ஓர் இறுக்கம். "இன்னும் கொஞ்ச தூரந்தான், மாஸ்டாரு" என்கின்றனர் உடன் வந்தோர். அவர் ஒரு பாறைமேல் அமர்ந்து சற்று யோசித்துவிட்டு, "நான் திரும்புகிறேன்" என்கிறார். தனியே அனுப்ப மனமின்றி, அவரிடம் முன்பு படித்த இளைஞன் ஒருவன் கூடவே திரும்புகிறான். மற்றவர்கள் மேலே செல்கிறார்கள்.

பெரியவர் புண்ணியத்தை இழந்தாரா? அந்த இளைஞன் இழந்தானா?

இக்கேள்விக்கு விடை சொல்லுமுன் வேறொன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புண்ணியம் நீரில் இருக்கிறதா, நடையில் இருக்கிறதா? நீரில்தான் என்றால் நடை வெறும் வழி. குறுக்கு வழி கிடைத்தால் நடை தேவையில்லை. நடையில்தான் என்றால், பாதை எவ்வளவு கடினமோ அவ்வளவு பயன் என்றாகிவிடும். பொதுமக்களின் உள்ளம் இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கிறது. அலிபிரிப் பாதையில் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏறுபவரைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிறது. பேருந்தில் வந்து இறங்குபவரைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில்லை. இந்த உணர்வில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது முழு உண்மையா?

பாதை தொடங்கும் பாபவிநாசனத்தைப் பற்றியே வைணவ மரபில் ஒரு வரலாறு உண்டு. இராமாநுஜரின் தாய்மாமனாரான திருமலைநம்பி நாள்தோறும் அங்கிருந்து பெருமாளின் திருமஞ்சனத்துக்கு நீர் சுமந்து வருவார். முதுமையிலும் அந்தக் கைங்கரியத்தை அவர் விடவில்லை. ஒருநாள் பெருமாள் வேடனாக வந்து, "தாத்தா, தாகமாக இருக்கிறது" என்று கேட்டு, நம்பி மறுத்தும் குடத்து நீரைப் பருகிவிட்டார். கலங்கி நின்ற நம்பியைத் தேற்றி, அருகிலேயே ஓரிடத்தில் அம்பெய்து நீரை வரவழைத்தார். அதுவே ஆகாசகங்கை. அதுமுதல் திருமஞ்சன நீர் அங்கிருந்தே வருகிறது என்பர்.

இவ்வரலாற்றை மெல்ல எண்ணிப் பார்க்க வேண்டும். கடினமே தவம் என்றால் அன்று பெருமாள் செய்தது பெரிய அநியாயம்! அடியாரின் நடையைக் குறைத்து அவரது புண்ணியத்தில் ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டார் என்று ஆகும். ஆனால் எவரும் அப்படிப் பொருள் கொண்டதில்லை. நம்பி தொலைவை நேசிக்கவில்லை, திருமஞ்சனத்தை நேசித்தார். தொலைவு அவரது அன்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அது குறைந்தபோது அன்பு குறையவில்லை.

மோகாள்ள மெட்டு என்னும் செங்குத்தான ஏற்றத்தை இராமாநுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்ற செய்தியும் இத்தகையதே. ஏற்றத்தை மேலும் கடினமாக்குவது அவர் நோக்கமன்று. மலையே திருமேனி, அதன்மேல் பாதம் படலாகாது என்பதே அவர் கருத்து. வலி அவர் தேடிச் சென்ற பொருளன்று.

இனி, எளிதில் பேசப்படாத ஒன்றையும் இங்கே பேசியாக வேண்டும். இம்மலைத்தொடரின் ஒரு பகுதி 1989-இல் ஸ்ரீவேங்கடேசுவரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் உருவானது. இப்பகுதி மலைகளுக்கே உரிய செம்மரத்தை நாடி, ஜவ்வாது மலை முதலிய இடங்களிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் கூலிக்காக அழைத்து வரப்பட்டார்கள். இரவில், விளக்கின்றி, பாதையே இல்லாத சரிவுகளில், தோளில் கட்டை சுமந்து நடந்தவர்கள் அவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று இதே மலைகளில் அதிரடிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் அத்தகையோர் 20 பேர் உயிரிழந்தனர். அவர்கள் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது. சுட்டது முறையா என்பதோ நெடிய வழக்கு. இரண்டும் இக்கட்டுரைக்கு வெளியே நிற்கட்டும். உடல் பட்ட பாட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், தும்புரு தீர்த்தத்துக்கு நடந்த எவரைவிடவும் அந்தக் கூலியாட்களே பெருந்தவத்தோர் ஆவர். அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. ஏன்?

அவர்கள் அந்தக் கடினத்தை விரும்பி ஏற்கவில்லை என்பதுதான் காரணம். வறுமை அவர்களை ஏற்றியது. கடனும் இடைத்தரகரும் இறங்கவிடாமல் தடுத்தனர். வேண்டாம் என்று சொல்லித் திரும்பும் உரிமை அவர்களிடம் இல்லை. பக்தருக்கும் மலையேறும் இளைஞருக்கும் அந்த உரிமை இருக்கிறது. அவர்களது சிரமம் தவம் என்ற பெயர் பெறுவதற்கு இடம் கொடுப்பதே அந்த உரிமைதான். எந்த நொடியிலும் நிறுத்தலாம் என்ற நிலையில் ஒருவன் நடப்பதால்தான் அவன் நடை அவனுடையதாகிறது.

அப்படியானால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாதவன் நிலை என்ன? "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே", "மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்", "ஊரில் போய் என்ன சொல்வது" என்ற எண்ணங்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போகின்றன. கூலியாளைக் கடன் தள்ளியது; இவனை மானம் தள்ளுகிறது. இருவரும் சுதந்திரமாக நடக்கவில்லை. கூலியாளிடமாவது வீட்டில் பசித்த வயிறு என்ற நியாயம் இருந்தது. கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தை மூன்றாகப் பிரிக்கும்போது, பிறர் மதிப்பை வேண்டிச் செய்யும் தவத்தை ராஜசம் என்றும், மூடப் பிடிவாதத்தால் தன்னையே வருத்திச் செய்வதைத் தாமசம் என்றும் ஒதுக்குவது இதனால்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். வியர்வையில் குணபேதம் தெரிவதில்லை.

1996-ஆம் ஆண்டில் யோரான் க்ரோப் என்ற சுவீடன் நாட்டவர் தம் நாட்டிலிருந்து மிதிவண்டியிலேயே நேபாளம் வந்து எவரெஸ்டில் ஏறினார். உச்சிக்குச் சுமார் நூறு மீட்டரே இருந்தபோது, நேரம் கடந்துவிட்டதை உணர்ந்து திரும்பிவிட்டார். சில நாட்களில் அதே மலையில், நேரம் கடந்தும் ஏறிச் சென்றவர்கள் உட்பட எட்டுப் பேர் புயலில் சிக்கி இறந்தனர். க்ரோப் அம்மாதத்திலேயே மீண்டும் ஏறி உச்சியை அடைந்தார். அடையாமலே போயிருந்தாலும் அவர் முதலில் திரும்பியது சரியான செயலாகவே இருந்திருக்கும்.

மலைக்குப் பக்தியும் தெரியாது, வீரமும் தெரியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் மாண்டனர். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையிலேயே ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் சிறுவர்களை அழைத்துச் செல்ல நேரக் கட்டுப்பாடு வந்தது. நடந்து செல்வோர் கையில் தடியும் கொடுத்தார்கள். வேண்டுதலுக்கு இடையூறு என்று சிலர் முணுமுணுத்திருக்கக் கூடும். விதியை மீறி நடப்பவன் தன் உயிரை மட்டுமன்று, தேடி வருபவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறான்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு தடை எழும். சோம்பலும் இதே மொழியில் பேசுமே? முதல் ஏற்றத்திலேயே கால் வலித்ததும், "மிதமே யோகம்" என்று உட்கார்ந்துவிடலாமே? தடை நியாயமானது. தும்புரு தீர்த்தத்தின் தலபுராணமே ஒரு சோம்பலைப் பற்றியதுதான். தும்புரு என்னும் கந்தர்வனின் மனைவி குளிருக்கு அஞ்சி மாசி நீராடலை மறுத்ததால் தவளையாகச் சபிக்கப்பட்டாள் என்று அது கூறுகிறது. அஞ்சித் திரும்புவதற்கும் அறிந்து திரும்புவதற்கும் வேறுபாட்டை வெளியார் காட்ட முடியாது; திரும்புபவனின் மனச்சான்றுக்கே அது தெரியும். ஒன்று கவனிக்கத்தக்கது: அத்தவளை மீண்டும் மலையேறி விமோசனம் பெறவில்லை. அகத்தியர் தம் சீடர்களுக்குத் தீர்த்த மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்ததை மரப்பொந்தில் இருந்தபடியே கேட்டு விடுபட்டாள்.

நாயுடுபேட்டைப் பெரியவரின் நிலை ஓரளவு தெளிவாகிறது. மார்பின் இறுக்கம் கற்பனையன்று; அறிவிப்பும் அவர் அறிந்ததே. அவர் திரும்பியது விவேகம். அந்த இளைஞனுக்கோ மூச்சு வாங்கவில்லை, கால் தளரவில்லை. இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். அவன் திரும்பியதற்கு அவன் உடலில் ஒரு காரணமும் இல்லை.

இருவரும் மெல்ல நடந்து, வெயில் ஏறிய நேரத்தில் பாபவிநாசனத்துக்கு வந்து சேர்கிறார்கள். மருத்துவர் பெரியவரின் நாடியைப் பார்த்து, நிழலில் உட்காரச் சொல்கிறார். தீர்த்தமாடிய முதல் கூட்டம் ஈர வேட்டியோடு "கோவிந்தா" முழக்கத்துடன் திரும்பிக்கொண்டிருக்கிறது. பெரியவர் அவர்களைச் சற்று நேரம் பார்க்கிறார். பிறகு பக்கத்தில் திரும்பி, "தாகமாக இருக்கிறதப்பா" என்கிறார்.

இளைஞன் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போகிறான்.